காரியமும் இசையும்: இந்தோனேசியாவில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே வாத்தியம் ஒலிப்பது ஏன்?

இந்தோனேசியாவிலிருந்து இணையத்தில் பரவும் சில காணொளிகள் பார்ப்பவர்களைக் குழப்புகின்றன. சுமத்திராத் தீவின் தோபா ஏரிப் பகுதியில் ஒரு முற்றத்தில் சவப்பெட்டி இருக்கிறது; அதைச் சுற்றி உறவினர்கள் தோளில் நெசவுத் துணி அணிந்து வரிசையாக ஆடுகிறார்கள்; முரசுகள் விடாமல் ஒலிக்கின்றன. பாலித் தீவில் பிணத்தைச் சுமந்த உயரமான கோபுரத்தைத் தோளில் தூக்கியவர்கள் கூச்சலிட்டபடி ஓடுகிறார்கள். பின்னால் தாளக்காரர்கள் கூட்டம் அதிரடியாக வாசித்துக்கொண்டு வருகிறது. இது துக்கமா, கொண்டாட்டமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. அந்தக் கேள்விக்கு அடியில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: இசை என்பது உணர்ச்சியின் வெளிப்பாடு, ஆகவே துக்கத்துக்குத் துக்க இசையும் மகிழ்ச்சிக்கு மகிழ்ச்சி இசையும் இருந்தாக வேண்டும் என்பதே அது. இந்தோனேசியத் தீவுகளின் பல சமூகங்களில் நடைமுறை அப்படி இல்லை. அங்கே இசையை முடிவுசெய்வது நடக்கும் காரியம்தான். கேட்பவரின் மனநிலைக்கு அதில் இரண்டாம் இடமே.

முதலில் சில சொற்கள்

பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகளும் உள்ள நாட்டில் ‘இந்தோனேசிய மரபிசை’ என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் கமெலானைச் சேர்த்த பிறகு, இந்தோனேசிய இசை என்றாலே கமெலான்தான் என்ற எண்ணம் மேலும் வலுப்பட்டது. எனவே இக்கட்டுரைக்குத் தேவையான சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

1. கமெலான்: ஜாவா, பாலி, சுண்டா (மேற்கு ஜாவா) பகுதிகளின் வாத்தியக் குழு. பெரும்பகுதி வெண்கலத்தால் ஆனது. தமிழ் இசைநூல்களின் வகைப்பாட்டில் சொன்னால், கஞ்சக்கருவிகளே ஆட்சி செய்யும் மேளம். ஜாவாவின் மரியாதைப் பேச்சுவழக்கில் கமெலானுக்கும் வெண்கலத்துக்கும் ‘கங்சா’ என்ற ஒரே பெயர்; நம் ‘கஞ்ச’மும் அந்தக் ‘கங்சா’வும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை.

2. கோங்: நம் சேகண்டியைப்போலத் தட்டையாக இல்லாமல், நடுவில் குமிழும் ஓரத்தில் ஆழமான விளிம்பும் கொண்ட வெண்கல வாத்தியம். சுமத்திரா முதல் கிழக்குத் தீவுகள் வரை மிகப் பரவலாகக் காணப்படும் பொதுக் கருவி இதுவே.

3. அடாட்: ஒரு சமூகத்தின் முன்னோர் வகுத்த வழக்காறு. மதம் மாறினாலும் அடாட் தொடர்வதுண்டு. இரண்டும் மோதிக்கொள்வதும் உண்டு.

4. காரியம்: கட்டுரையின் திறவுகோல் இதுதான். வேலை என்ற பொருள் தரும் ‘கெர்ஜா’ என்ற மலாய், இந்தோனேசியச் சொல், வடமொழியின் ‘கார்ய’ என்பதிலிருந்து வந்தது. வட சுமத்திராவின் காரோ மக்கள் கல்யாணத்தையும் சாவுச் சடங்கையும் ‘கெர்ஜா’ என்றே சொல்கிறார்கள். தோபா ஏரியைச் சுற்றி வாழும் தோபா பத்தாக் மக்களின் மொழியில் வேலைக்கும் சடங்குக்கும் ‘உலாஒன்’ என்ற ஒரே சொல். பாலியில் பெருஞ்சடங்கின் பெயர் ‘கார்ய’. ஜாவாவில் வீட்டில் விசேஷம் வைத்திருப்பவரை ‘துவே கவே’, அதாவது வேலை வைத்திருப்பவர் என்கிறார்கள். பதினாறாம் நாள் சடங்கைக் ‘காரியம்’ என்று சொல்லிப் பழகிய தமிழ்க் காதுக்கு இதில் வியப்பு இருக்காது.

கொண்டாட்டம், துக்கம், உழைப்பு என்று மூன்று தனிப் பெட்டிகளில் இந்த இசையைப் பிரித்து வைக்கும் வழக்கம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுடையது. உள்ளிருந்து பார்த்தால் மூன்றும் செய்து முடிக்க வேண்டிய வேலைகள். இசை அந்த வேலையின் ஓர் உறுப்பு.

தோபா பத்தாக்: சாவுக்கும் தரவரிசை உண்டு

தோபா பத்தாக் மக்களின் முழுமையான வாத்தியக் குழுவுக்குக் ‘கொண்டாங் சபாங்குனான்’ என்று பெயர். சுருதி சேர்த்த ஐந்து முரசுகளின் வரிசையான தகானிங், ஒரு பெரிய முரசு, நாதசுரத்தின் உறவினர் என்று சொல்லத்தக்க சீவாளிக் குழலான சருனே, நான்கு கோங்குகள், தட்டி ஒலிக்கும் ஒரு சிறு இரும்புக் கருவி ஆகியவை இதில் உண்டு. முரசுகளே மெட்டையும் வாசிக்கும் மரபு உலகில் அரிது. தகானிங் வாசிப்பவர் தாளக்காரராகவும் பாடகராகவும் ஒரே நேரத்தில் செயல்படுகிறார். சடங்கின்போது அவரையும் சருனே ஊதுபவரையும் ‘பத்தார குரு’ என்ற தெய்வப் பெயர் சேர்த்துத்தான் குறிப்பிட வேண்டும். கூலிக்கு வந்தவர்களைப்போல அதட்டி வேலை வாங்க முடியாது.

இந்தக் குழு எல்லாச் சாவுக்கும் வாசிப்பதில்லை. சிறு குழந்தைகளை விட்டுவிட்டு இறப்பது ‘மங்கார்’. பிள்ளைகளில் சிலருக்கு மணமாகாத நிலையில் இறப்பது ‘சாரி மத்துவா’. பிள்ளைகள் அனைவருக்கும் மணமாகிப் பேரக்குழந்தைகளையும் பார்த்துவிட்டு இறப்பது ‘சாவுர் மத்துவா’. கொள்ளுப்பேரர் கண்டு, தன் வழியில் வந்த எவரையும் இழக்காமல் இறப்பது ‘மவுலி புலுங்’. கடைசி இரண்டு நிலைகளுக்கே கொண்டாங் முழுமையாக ஒலிக்கத் தகுதி உண்டு. நம் ஊரில் ‘கல்யாணச் சாவு’ என்று சொல்வோமே, அதுவே இங்கே அடாட்டின் திட்டவட்டமான சட்டமாக இருக்கிறது. காணொளியில் நாம் பார்க்கும் ஆட்டம், ஒரு வாழ்க்கை அதன் எல்லாக் கடமைகளையும் முடித்துவிட்டது என்பதற்கான ஊரறிந்த சான்றிதழ். இளம்வயதுச் சாவு வீட்டில் அந்தக் காட்சியைக் காண முடியாது.

ஆட்டத்துக்கும் ஒழுங்கு உண்டு. தோபா சமூகம் மூன்று உறவுத் தரப்புகளின் மேல் நிற்கிறது: பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள், ஒரே குலத்துப் பங்காளிகள். இந்த அமைப்பின் பெயர் ‘தாலிஹான் நா தோலு’. அடுப்பின் மூன்று கற்கள் என்று பொருள். ஒவ்வொரு தரப்பும் தன் முறை வரும்போது இசைக் குழுவிடம் வாய்மொழியாக, சொல்லலங்காரத்தோடு, இன்ன இன்ன கொண்டாங் உருப்படி வேண்டும் என்று வேண்டுகிறது. தொடக்கத்துக்கு ஒன்று, வணக்கத்துக்கு ஒன்று, வலம் வருவதற்கு ஒன்று, நல்வாழ்த்தோடு முடிப்பதற்கு ஒன்று என வரிசை செல்கிறது. பெண் கொடுத்தவர்கள் முன் கைகுவித்து ஆட வேண்டும். அவர்கள் பதிலுக்குக் கைவிரித்து ஆசி வழங்குவார்கள். கல்யாணத்திலும் முன்னோர் எலும்புகளை எடுத்துப் புதுக் கல்லறையில் வைக்கும் சடங்கிலும் இதே கருவிகளும் இதே உறவு வரிசையுமே இயங்குகின்றன. உறவுகளை ஊர் முன்னிலையில் உறுதிசெய்வதே கொண்டாங்கின் வேலை. அந்த வேலை சாவிலும் உண்டு, மணத்திலும் உண்டு.

அப்படியானால் அழுகை எங்கே போகிறது? அதற்குத் தனி இடம் இருக்கிறது. ‘ஆண்டுங்’ என்பது பிணத்தின் அருகே, பெரும்பாலும் பெண்கள், வாத்தியம் ஏதுமின்றிப் பாடும் ஒப்பாரி. அதற்கென்றே தனிச் சொற்கோவை உண்டு. அன்றாடப் பேச்சில் கைக்கு வழங்கும் பெயரை அங்கே சொல்லமாட்டார்கள். ‘சிமாங்கிதோ’, அதாவது கேட்டுப் பெறுவது என்பார்கள். காலுக்குச் ‘சிமாஞ்சோஜாக்’, மிதிப்பது. உறுப்பின் பெயரைச் சொல்லாமல் அது உயிரோடிருந்தபோது செய்த செயலைச் சொல்லும் இந்த மொழி, என் கணிப்பில், எந்தச் சோக ராகத்தையும்விடக் கூர்மையானது. தனிப்பட்ட இழப்பை ஆண்டுங் ஏற்றுக்கொள்வதால்தான் கொண்டாங் ஊர்க் காரியத்தில் கவனம் செலுத்த முடிகிறது.

பாலி: இனிய ஒலி, சாவு வாத்தியம்

பாலியில் பல வகைக் கமெலான் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் ‘கமெலான் ஆங்க்லுங்’ என்பது நான்கே சுரங்கள் கொண்ட, உருவில் சிறிய, தூக்கிச் செல்ல எளிதான வெண்கலக் குழு. வெளிநாட்டார் பலருக்கு அதன் ஒலி சிறுவர் விளையாட்டைப்போல் தெளிந்து துள்ளுவதாகப் படுகிறது. தென் பாலியில் அது ஒலித்தால் உள்ளூர்க்காரர் மனத்தில் முதலில் எழுவது ‘ஙாபேன்’ எனப்படும் தகனச் சடங்குதான். தீவின் வேறு சில பகுதிகளில் இதே குழு கோயில் விழாக்களிலும் வாசிக்கிறது. அங்கே அந்த ஒலிக்குச் சாவின் நிழல் அந்த அளவுக்கு இல்லை. சுரத்துக்குள்ளேயே சோகம் குடியிருந்தால் தீவின் ஒரு பகுதியில் மட்டும் அது எப்படி மறைய முடியும்? பழக்கமும் பயன்பாடுமே ஒலிக்குப் பொருள் ஊட்டுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

தகன ஊர்வலத்தில் மட்டும் குறைந்தது மூன்று வகை இசை சேர்ந்து இயங்கக்கூடும். ஆங்க்லுங் ஒன்று. நிழல்கூத்துக்கும் பல் ராவும் சடங்குக்கும் வாசிக்கும் ‘கெண்டேர் வாயாங்’ இரண்டாவது. சில இடங்களில் அதன் கலைஞர்கள் பிணக் கோபுரத்தின் மேலேயே அமர்ந்து வாசித்தபடி போவார்கள். மூன்றாவது ‘பலெகஞ்சூர்’: முரசு, கோங், ஜோடி ஜோடியாக மோதும் தாளங்கள் கொண்ட நடைமேளம். ‘பாதே’ எனப்படும் அந்தக் கோபுரத்தின் எடையைச் சுமக்கப் பலர் வேண்டும். முச்சந்திகளில் அதை மூன்று முறை சுழற்ற வேண்டும். இறந்தவரின் ஆவி வீட்டுக்குத் திரும்பும் வழியை மறக்கட்டும் என்பது நம்பிக்கை. பலெகஞ்சூரின் வேகம் சுமப்பவர்களின் கால்களை ஒன்றாக்குகிறது, களைப்பை மறக்கடிக்கிறது, தீய சக்திகளை அச்சுறுத்துவதாகவும் கருதப்படுகிறது. துக்க வீட்டில் ஒலிக்கும் இந்த மேளம், செயலளவில் பார்த்தால், பாரம் தூக்குவோரின் உழைப்பு இசை.

உழைப்பு என்ற சொல் இங்கே இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. பாலிக் கிராமத்தின் பஞ்சார் என்ற குடியிருப்புச் சபைக்கு ஒவ்வொரு குடும்பமும் சில பணிகள் செய்தாக வேண்டும். கோயிலுக்காகப் பந்தல் போடுவதும் படையல் சமைப்பதும் கமெலான் வாசிப்பதும் ‘ஙாயா’ என்ற ஒரே சொல்லில் அடங்கும். வாத்தியம் வாசிப்பவர் அங்கே தன் முறை வேலையைச் செய்கிறார்.

தொராஜா: கலக்கவே கூடாது என்ற விதி

மேற்சொன்னதை வைத்து எல்லா இந்தோனேசியச் சமூகங்களும் மணத்தையும் மரணத்தையும் ஒரே இசையில் கலக்கின்றன என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சுலாவேசித் தீவின் மலைப்பகுதியில் வாழும் தொராஜா மக்கள் நேர்மாறான விதியை வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சடங்குகள் இரண்டே வகை. ‘ரம்பு துக்கா’ என்பது மேலெழும் புகை: கிழக்குத் திசையும் ஏறுபொழுதும் அதற்கு உரியவை, வீடு குடிபுகுதல், அறுவடை நன்றி போன்றவை இதில் சேரும். ‘ரம்பு சோலோ’ என்பது இறங்கும் புகை: மேற்குத் திசை, சாயும் பொழுது, சாவு. ஒன்றுக்குரிய ஆட்டமும் பாட்டும் மற்றதில் புகக் கூடாது.

சாவுச் சடங்கின் மையம் ‘பாதோங்’. கறுப்புடை அணிந்தவர்கள் வட்டமாக நின்று சுண்டுவிரல்களைக் கோத்துக்கொண்டு, வாத்தியமின்றி, மிக மெதுவாக அடியெடுத்து வைத்துப் பாடுகிறார்கள். இறந்தவர் வானிலிருந்து பிறப்பெடுத்து வந்தது, வளர்ந்தது, வாழ்ந்தது, இனி ஆவிகளின் நிலமான புயாவுக்குப் பயணப்படுவது என அந்தப் பாடல் ஒரு வாழ்க்கை வரலாறாக நகர்கிறது. இறுதிச் சடங்கு நடக்கும்வரை இறந்தவரைப் பிணம் என்று சொல்வதில்லை. வீட்டிலேயே வைத்து ‘நோயாளி’ என்றே நடத்துவார்கள். பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூட அப்படிக் கழியும். ஆகவே பாதோங், நடந்துபோன சாவுக்கு இரங்கும் பாட்டாக மட்டும் இருப்பதில்லை. நோயாளியாக இருந்தவரை முன்னோராக மாற்றும் வேலையில் அதற்கும் பங்கு உண்டு. விருந்தினர் வரும்போது பெண்கள் நீண்ட நெல் உரலைச் சுற்றி நின்று உலக்கையால் தாளமாக இடிப்பதும் இதே முற்றத்தில் நடக்கும்.

விதி மாறினாலும் தர்க்கம் மாறவில்லை. தோபாவில் காரியத்தின் தன்மை இரண்டுக்கும் பொதுவானதால் இசையும் பொது. தொராஜாவில் காரியங்களின் திசையே எதிரெதிர் என்பதால் இசையும் பிரிகிறது.

ஜாவாவைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். மணமக்கள் எதிரெதிரே சந்திக்கும் கணத்துக்கு ‘கெபோ கிரோ’ என்ற உருப்படி வழக்கமானது. நபிகள் பிறந்தநாளை ஒட்டி யோக்யகர்த்தா, சூரகர்த்தா அரண்மனைகளின் செக்காத்தேன் கமெலான்கள் பெரிய பள்ளிவாசல் வளாகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு வாசிக்கப்படுகின்றன. சாவு வீட்டில் மட்டும் பெரும்பாலும் கமெலான் ஒலிப்பதில்லை. அந்த இடத்தை இஸ்லாமிய ஓதுதல் நிரப்புகிறது. ‘த்லுத்துர்’ என்ற துயர வகை உருப்படிகள் ஜாவாவில் உண்டு, ஆனால் அவற்றின் இருப்பிடம் நிழல்கூத்து மேடை.

உலக்கையிலிருந்து பிறந்த தாளம்

உழைப்பு இசைக்கு வருவோம். ஜாவாவில் படகைப்போலக் குடைந்த நீண்ட மர உரலுக்கு ‘லெசுங்’ என்று பெயர். நான்கைந்து பெண்கள் ஒரே உரலில் இடிக்கும்போது இரண்டு உலக்கைகள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இறங்கினால் மோதல்தான். எனவே ஒருவர் இடிக்கும்போது மற்றவர் தூக்க வேண்டும். அவரவர் இடைவெளியை அவரவர் காக்க வேண்டும். கையைக் காத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடே கேட்பவர் காதில் பின்னிப் பிணைந்த தாளமாக விழுகிறது. தமிழில் வள்ளைப்பாட்டு என்ற பழம்பெயர் இருக்கிறது. அங்கே உலக்கை தாளம் போட, பாட்டு முன்னால் நிற்கும். லெசுங்கில் பாட்டு இல்லாமலும் உரலே வாத்தியமாக நின்றுவிடும். விளிம்பில் இடித்தால் ஓர் ஒலி, நடுவில் இடித்தால் வேறோர் ஒலி, பக்கச் சுவரில் தட்டினால் மூன்றாவது ஒலி. கெஜோக் லெசுங், கொத்தேக்கான் என்று ஜாவாவிலும், துத்துங்குலான் என்று சுண்டாவிலும் இதற்கு ஊருக்கொரு பெயர். பாலிக் கமெலானில் இரண்டு கலைஞர்கள் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பி, தனியொருவரால் எட்ட முடியாத வேகத்தை உண்டாக்கும் நுட்பத்துக்கும் ‘கொத்தேக்கான்’ என்றே பெயர் இருப்பது கவனிக்கத்தக்கது.

நெல்லை விளைவிக்கும் கட்டத்திலும் இசைக்குப் பணி இருக்கிறது. மேற்கு ஜாவா, பந்தேன் பகுதிகளில் மூங்கில் குழாய்களைச் சட்டத்தில் கோத்து ஆட்டி ஒலிக்கும் ஆங்க்லுங், தொடக்கத்தில் நெல் தெய்வத்தை மகிழ்விக்கும் கருவி. (பாலி வெண்கலக் குழுவின் பெயரும் ஒரு காலத்தில் அதில் இருந்த இந்த மூங்கில் கருவியிலிருந்தே வந்தது.) பந்தேனின் பாதுய் மக்களிடம் இந்த வேலை இன்னும் மாறவில்லை. விதைப்பில் தொடங்கி, பயிருக்கு மருந்திடும் சடங்கு வரையிலான ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு மட்டுமே அதை ஒலிக்கலாம். பிறகு அடுத்த பருவம் வரும்வரை அது தொங்கவிடப்பட்டிருக்கும்; பொழுதுபோக்குக்காகக்கூட எடுப்பதில்லை.

வேலை மறைந்தால் இசை என்ன ஆகும்?

இசை காரியத்தோடு பிணைந்திருப்பதன் விளைவுகளை நான்கு நிலைகளாகப் பார்க்கலாம்.

1. வேலை மறைவது. 1970களின் தொடக்கத்தில் ஜாவாவின் கிராமங்களில் சிறு நெல் அரைவை இயந்திரங்கள் வேகமாகப் பரவின. கூலிக்கு இடித்த ஏழைப் பெண்கள் வருமானத்தை இழந்தார்கள். உரல் திண்ணைக்குப் போயிற்று. இன்று கெஜோக் லெசுங் விழா மேடைகளிலும் போட்டிகளிலும் ஒலிக்கிறது, உரலில் நெல் இல்லாமல். அந்தத் தாளத்தை ரசிப்பவர்கள், அது பறிபோன ஒரு கூலி வேலையின் எச்சம் என்பதையும் சேர்த்து நினைப்பது நியாயம்.

2. காரியத்தைத் தடுப்பது. 1862இல் சுமத்திரா வந்த ஜெர்மானியர் நொம்மென்சென் போன்ற மறைப்பணியாளர்களின் காலத்தில் தோபா மக்கள் பெருமளவில் கிறித்தவராயினர். கொண்டாங் முன்னோர் ஆவிகளை வரவழைக்கிறது என்பதே திருச்சபையின் மறுப்பு. காலனி அரசும் தடைக்குத் துணைநின்றது. அந்த இடைவெளியில் பித்தளை ஊதுகருவிக் குழுக்கள் சாவு வீட்டுக்குள் நுழைந்தன. தடை பின்னர் தளர்ந்தது. ஆனால் இன்றும் பல சாவுகளில் முரசும் ட்ரம்பெட்டும் ஒரே முற்றத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பழைய சமயநெறியைத் தொடரும் பர்மாலிம் சமூகத்தினர் தம் வழிபாட்டில் கொண்டாங்கைக் காத்து வந்தார்கள்.

3. கருவி மாறியும் காரியம் தொடர்வது. காரோ விசேஷங்களில் இன்று மின்கீபோர்டு ஒன்றே முழு மேளத்தின் தாளங்களையும் வாசிக்கிறது. தூய்மைவாதிகள் இதை வீழ்ச்சி என்கிறார்கள். அந்தக் கவலையில் பாதிதான் எனக்கு உடன்பாடு: பழைய கலைஞர்களின் பிழைப்பும் கைநுட்பமும் போவது உண்மையான இழப்பு, ஆனால் உறவு வரிசைப்படி ஆடி முடிக்கும் ‘கெர்ஜா’ கீபோர்டிலும் நிறைவேறிவிடுகிறது.

4. இசை தனியே பிரிந்து வெளியேறுவது. 1938இல் மேற்கு ஜாவாவில் டாயெங் சுதிக்னா என்ற ஆசிரியர் மூங்கில் ஆங்க்லுங்கை மேற்கத்திய சுர வரிசைக்குச் சுருதி மாற்றினார். பள்ளிப் பிள்ளைகள் கூட்டாக எந்த மெட்டையும் வாசிக்க முடிந்தது. அவருடைய மாணவர் ஊஜோ ஙலகேனா 1966இல் தொடங்கிய பண்டுங் கலைக்கூடம் சுற்றுலாப் பயணிகளுக்கு நிகழ்ச்சிகள் நடத்துகிறது. 2010இல் யுனெஸ்கோ ஆங்க்லுங்கைப் பட்டியலில் சேர்த்தது.

பாலியில் இந்த நான்காம் நிலையை முன்கூட்டியே உணர்ந்து வரம்பு கட்டப் பார்த்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கோயில் ஆட்டங்களை விற்பது பெருகியபோது, 1971இல் தென்பசாரில் கூடிய கருத்தரங்கு ஆட்டக்கலைகளை மூன்றாக வகுத்தது: கோயிலின் உட்பகுதிக்கே உரிய ‘வாலி’, சடங்கோடு சேர்ந்து வரும் ‘பெபாலி’, யாரும் எங்கும் பார்க்கத்தக்க ‘பாலிஹ்-பாலிஹான்’. எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்ற அந்தக் கேள்வியில் அளவுகோலாக வைக்கப்பட்டது ஆட்டத்தின் அழகோ பழமையோ அல்ல. அது எந்த முற்றத்தில், எந்தக் காரியத்துக்காக ஆடப்படுகிறது என்பதே.